பறக்க வேண்டிய கூரை

செழியன் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பான். விசேஷ வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு முன்னால் கூரையை விசாரித்துவிடுவான். அவனுடைய சொந்தக் கல்யாணத்திலேயே தாலி கட்டின கையோடு மண்டபத்தின் வளைவுக் கூரையை வெறித்துக்கொண்டு நின்றான் என்றும், பக்கத்தில் ஒருத்தி மாலையோடு நிற்பதே அவனுக்கு மறந்துபோயிற்று என்றும் அவன் மனைவி பாண்டிச்செல்வி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

விருதுநகரில் சாத்தூர் ரோட்டில் அவனுக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருந்தது. ஜன்னல், கேட் எல்லாம் செய்துகொடுப்பான் என்றாலும் அவன் மனசு கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில்தான் இருந்தது. டிரஸ் என்று சொல்லும் அந்தச் சட்டங்கள் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே முக்கோணம். அவனுக்கு அப்படி இல்லை. டீக்கடை அகலத்துக்கு நடுவில் ஒற்றைக் கால் நட்ட டிரஸ் போதும். அதற்கு மேல் இரும்பு வாங்குகிறவன் ஏமாளி. மிளகாய் வற்றல் குடோன் மாதிரி அகலமாகப் போனால், உள்ளே டபிள்யூ எழுத்தாகக் கம்பிகள் மடங்கி ஓடுகிற டிரஸ் வேண்டும். ரயில்வே நடைமேம்பாலத்தில் பக்கவாட்டில் இங்கிலீஷ் ‘என்’ எழுத்தை வரிசையாக நிறுத்தியது போல இருக்குமே, அது மேலும் கீழும் ஒரே மட்டமாக ஓடுகிற ரகம். ஆள் நடக்கவும் லோடு ஏறவும் அதுதான் லாயக்கு. கல்யாண மண்டபத்துக்கு வில்லாக வளைத்துப் போடுவது பாதி அகலத்துக்காக, பாதி பந்தாவுக்காக. குடோனுக்குப் போய் வில் வளைவு கேட்கிற முதலாளிகளிடம் அவன் சிரித்துக்கொண்டே சண்டை போடுவான்.

எந்த டிரஸ் ஆனாலும் உள்ளே நடக்கிற கதை ஒன்றுதான் என்பான். சில கம்பி இழுபடும், சில கம்பி அமுங்கும். இழுபடுகிற கம்பி கயிறு மாதிரி, ஒல்லியாக இருந்தாலும் தாங்கிவிடும். அமுங்குகிற கம்பி ஒன்று குட்டையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தடியாக இருக்க வேண்டும். ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் முதுகு வளைந்துவிடும். டபிள்யூ டிரஸ் ஏன் அப்படி மடங்கி மடங்கி ஓடுகிறது என்றால், அமுங்குகிற கம்பியைக் குட்டையாக வைத்துக்கொள்வதற்குத்தான். இதை அவன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முருங்கைக்காயை வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது பாண்டிச்செல்வி கேட்டாள்.

“இந்த வீட்டுல எல்லாரும் என்னையத்தான் அமுக்குறீக. நான் இன்னும் தடியாகலையே, ஏன்?”

“நீ குட்டையா இருக்கல்ல, அதான் தாங்குற,” என்றான். அன்றைக்கு அவனுக்கு ரசம் ஊற்ற ஆள் இல்லை.

பாண்டிச்செல்வி வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். குழாய்களில் வெடிமருந்து அடைக்கிற ஷெட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை. சாயங்காலம் வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளி நிறம் போகாது. அந்த வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. பேசினால் பயம் வரும், பயம் வந்தால் காலையில் வேன் ஏற முடியாது. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இப்படித்தான்.

போன வருஷம் ஆடிக் காற்றில் அந்தக் கம்பெனியின் மருந்து ஷெட் கூரைகள் வரிசையாகப் பிய்ந்து போயின. ஒரு தகரம் வந்து முத்துமாரியம்மாளின் தோளில் இறங்கியது. பாண்டிச்செல்விக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் அவள். எலும்பு கூடினாலும் அந்தக் கை அதற்கப்புறம் தலைக்கு மேல் ஏறவில்லை. தலை பின்னக்கூட மகள் வர வேண்டியதாகிவிட்டது. அதைப் பார்த்த பெண்களுக்கு மருந்தை விடக் கூரைதான் பெரிய பயமாக ஆனது. காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலும் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய இராமகிருஷ்ணன் பாண்டிச்செல்வியிடம், “உங்க வீட்டுக்காரர்தான டிரஸ் அடிக்கிறாரு? அவரையே வரச் சொல்லுங்க” என்றார்.

செழியன் போய்ப் பார்த்தான். பழைய டிரஸ்கள் சோளத்தட்டை மாதிரி வளைந்து கிடந்தன. ஏன் போயிற்று என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கூரையின் கனம் மேலிருந்து அழுத்தும்போது அடிக்கம்பி இழுபடும். அதனால் அதை ஒல்லியாகப் போட்டிருந்தார்கள். காற்று கீழே புகுந்து கூரையைத் தூக்கும்போது எல்லாம் தலைகீழாகிவிடும். இழுபட்ட கம்பி அமுங்கும், அமுங்கின கம்பி இழுபடும். ஒல்லி அடிக்கம்பி அந்த அமுக்கத்தில் முதுகு வளைந்ததும் கூரை கிளம்பிவிட்டது.

அவன் போட்ட கூரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அகலத்துக்கு ஒற்றைக் கால் டிரஸே போதும். அவன் மிளகாய் குடோனுக்குப் போடுகிற டபிள்யூ டிரஸைப் போட்டான். அடிக்கம்பிக்கு எல் எழுத்தாக மடங்கிய ஆங்கிள் கம்பி இரண்டை முதுகோடு முதுகு சேர்த்துத் தடியாக்கினான். சுவர்த் தலையில் கான்கிரீட் பட்டை ஓட்டி, நீளமான போல்ட்டுகளை அதற்குள் புதைத்தான். கம்பெனிக்குள் தீப்பொறி ஆகாது என்பதால் வெல்டிங் எல்லாம் பட்டறையிலேயே முடிந்தது. கழுவித் துடைத்த காலி ஷெட்டில் போல்ட் மாட்டி முறுக்கும் வேலை மட்டும்தான். முறுக்கி முடித்ததும் நட்டு என்றைக்கும் கழலாமல் இருக்க ஒவ்வொரு போல்ட்டின் நுனியையும் சுத்தியலால் நசுக்கிவிட்டான். கீழிருந்து எந்தக் காற்று வந்து முட்டினாலும் இது கிளம்பாது. கேட்ட கூலிக்கு மேல் அவன் உழைத்ததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். கூரைக்குக் கீழே உட்காரப் போவது அவன் பெண்டாட்டி.

பெண்கள் அவனைக் கொண்டாடினார்கள். முத்துமாரியம்மாள் நல்ல கையால் அவன் தலையைத் தடவி, “நீ நல்லா இருக்கணும்யா” என்றாள். அடுத்தடுத்த கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். வேறு பட்டறை ஆட்கள் வந்து போனில் படம் எடுத்தபோது, எந்த ஆங்கிள், எவ்வளவு கனம் என்று அவனே வாய் வலிக்கச் சொன்னான். தொழில் ரகசியம் என்று ஒளித்து வைக்கிற சுபாவம் அவனுக்குக் கிடையாது. அந்த நாட்களில் அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தான்.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் பக்கத்துக் கம்பெனி ஒன்று வெடித்தது. பாண்டிச்செல்வியின் கம்பெனி இல்லை என்று தெரிந்து மூச்சு விடுவதற்குள், செயின் பிளாக்கையும் ஜாக்கியையும் எடுத்துக்கொண்டு வரும்படி செழியனுக்குப் போன் வந்தது. விழுந்து கிடக்கிற இரும்பைத் தூக்க ஆள் வேண்டும். உள்ளே இன்னும் மருந்து இருப்பதால் கேஸ் கட்டிங் போட முடியாது.

அங்கே இரண்டு ஷெட்டுகள் அடுத்தடுத்து வெடித்திருந்தன. முதல் ஷெட்டின் கூரையைக் காணவில்லை. தகரங்கள் கருவேல மரங்களில் துணி காயப்போட்டது போலத் தொங்கின. இரண்டாவது ஷெட்டில் சுவர்கள்தான் இல்லை. கூரை அப்படியே, முழுசாக, தரையில் உட்கார்ந்திருந்தது. செழியன் குனிந்து, வேறு யாரோ செய்த அந்த டிரஸைப் பார்த்தான். ஒரு கம்பிகூட வளையவில்லை. நல்ல வேலை என்று ஒரு கணம் தோன்றிவிட்டது, பழக்க தோஷம். அதன் அடியில் ஒரு வளையல் கை தெரிந்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தூக்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அடியில் இருந்தவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அந்தக் கம்பெனியின் போர்மேன் மணிமுத்து வேலிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலேயே பேசினார்.

“கூரை போன ஷெட்டுல எல்லாருக்கும் காயம். ஆனா ஆளு இருக்காக, ஆஸ்பத்திரியில பேசுறாக. இங்கன கூரை அசையல. வெடிச்ச வேகத்துக்கு மேல போக வழி இல்ல, சுவரைத் தள்ளிருச்சு. சுவரு போனதும் கூரை உக்காந்துருச்சு. மருந்து ஷெட்டுக்குக் கூரை பறக்கணும் தம்பி. அதுக்குத்தான் லேசாப் போட்டு வைக்கிறது. காத்துக்குப் பயந்து இவுக இறுக்கிப்புட்டாக.”

செழியனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெடியும் கீழிருந்து முட்டுகிற காற்றுதான். ஊரில் இருக்கிற எல்லா டிரஸுக்கும் ஒரே கேள்விதான், விழாமல் இருக்க என்ன செய்வது. இந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் கேள்வியே வேறு, சுலபமாகப் பறக்க என்ன செய்வது. ஒரு காற்றுக்குத் தப்பிக்க அவன் செய்த ஒவ்வொன்றும், தடித்த அடிக்கம்பி, புதைத்த போல்ட், நசுக்கின நுனி எல்லாமே, இன்னொரு காற்றுக்கு வழியை அடைத்துவிட்டது. பாண்டிச்செல்வி தலைக்கு மேலே ஒரு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு வந்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலமே இராமகிருஷ்ணன் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை, அப்படி இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

“கூரை பறந்தப்ப ஏன் பறந்துச்சுன்னு கேட்டாக. இப்ப ஏன் பறக்காதுன்னு நீங்க கேக்குறீக,” என்றார். “நான் எதுக்குத்தான் பதில் சொல்ல?”

“அண்ணாச்சி, கூலி வேண்டாம். இரும்பும் என்னோடது. கழட்டிட்டு லேசாப் போட்டுத் தாரேன்.”

“எப்படிக் கழட்டுவீக? நட்டு சுத்துமா?”

அவனே நசுக்கி வைத்த நுனிகள். சுற்றாது. அறுக்க வேண்டும், அறுத்தால் பொறி பறக்கும்.

“ஷெட்டைக் காலி பண்ணி, கழுவிக் காயவிட்டு, அதுக்கப்புறம்தான் நீங்க கைய வைக்கலாம். சீசன் ஆரம்பிச்சாச்சு. ஆர்டர் எடுத்து வச்சிருக்கேன். இப்ப வெடிச்சதுக்கு எல்லாக் கம்பெனியையும் சோதனைக்குன்னு பூட்டப் போறாக. பூட்டியிருக்கப்ப உள்ள போக முடியாது. திறந்த அன்னைக்கு மருந்து வந்துரும். தீபாவளி முடியட்டும், பாப்போம்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தவறு என்று சொல்ல அவனால் முடியவில்லை. பூட்டியிருந்தால் போக முடியாது, திறந்திருந்தால் தொட முடியாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

சோதனைக்கு மூடின கம்பெனிகள் கொஞ்ச நாளில் திறந்தன. அன்று காலை வேன் வந்து நிற்கும் இடத்துக்குப் போய் செழியன் அந்தப் பெண்களிடம் நேராகச் சொன்னான். அந்தக் கூரை ஆகாது, அந்த ஷெட்டில் உட்காராதீர்கள், எல்லோரும் சேர்ந்து சொன்னால் முதலாளி கேட்பார் என்றான். அவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது.

முத்துமாரியம்மாள், “தகரம் விழுந்தது எந் தோளுலய்யா, ஒந் தோளுல இல்ல,” என்றாள். “அந்தப் பழைய கூரைக்கடியில இனி நான் உக்கார மாட்டேன். மருந்து வெடிக்கிறது ஆண்டவன் கையில. கூரையாவது தலையில விழாம இருக்கட்டும்.”

“வெடிச்சா அதுதான் விழும் அத்தை.”

“காலங்காத்தால வாய வச்சுக்கிட்டு சும்மா இரு,” என்று இன்னொருத்தி சொன்னாள். “ஒம் பொண்டாட்டிய வேணும்னா நிப்பாட்டிக்கோ. அந்த எடத்துக்கு ஆளு நிக்குது.”

வேன் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். பாண்டிச்செல்வியும் ஏறினாள். ஏறும்போது அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செழியனுக்குத் தூக்கம் இல்லை. பகலில் பட்டறையில் கிரைண்டர் சத்தம் கேட்டால்கூட வாசலுக்கு வந்து வெம்பக்கோட்டைப் பக்கம் பார்த்தான். மருந்து ஷெட்டுக்கு அதே மாதிரி கூரை வேண்டும் என்று வந்த ஆர்டர்களைத் திருப்பி அனுப்பினான். லேசாகப் போட்டுத் தருகிறேன் என்று காரணத்தோடு சொன்னால், இவனுக்கு இரும்பு வாங்க வக்கில்லை என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அவன் விட்ட ஆர்டர் ஆவியாகிவிடுமா என்ன, அடுத்த பட்டறைக்குப் போயிற்று. ஆறு மாதம் முன்னால் ஊரே கேட்டு வந்த கைக்கு இப்போது ஜன்னல் வேலைகூடக் குறைந்துவிட்டது. பாண்டிச்செல்வி வேலையை விடுவது என்ற பேச்சுக்கே அதனால் இடமில்லாமல் போயிற்று.

அவனால் முடிந்தது ஒன்றுதான், அவளை அந்தக் கூரைக்கு அடியிலிருந்து நகர்த்துவது. ஆனைக்குட்டத்தில் ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அங்கே போர்மேன் சங்கிலிமுத்து, பாண்டிச்செல்விக்குச் சித்தப்பா முறை. செழியன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். பழைய ஷெட்டுகள். ஒற்றைக் கால் டிரஸ், ஒல்லிக் கம்பி, மேலே ஆணிக்கு ஆணி துருப்பிடித்த லேசான தகரம். வேறு எங்கேயாவது பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பான். அன்றைக்கு அது அவனுக்குக் கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. ஒரு நல்ல அடி அடித்தால் போதும், மொத்தமும் கிளம்பி வானத்துக்குப் போய்விடும்.

சங்கிலிமுத்து, “சீசனுக்கு ஆளு வேணும்தான். சில்லறை ரிப்பேருக்காக நிப்பாட்டி வச்சிருக்கோம், முடிஞ்சதும் அனுப்பி வைங்க மாப்ளே,” என்றார்.

பாண்டிச்செல்வியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழகின கம்பெனி. கூட உட்காருகிறவர்களை விட்டுப் போக அவளுக்கு மனசில்லை.

“நான் எந்திரிச்சா அங்கன, ரொம்ப நாளா பேக்கிங்குல இருக்குற வேல்விழி வந்து உக்காருவா. கைப்புள்ளக்காரி,” என்றாள். “அவ தலைக்கு மேலயும் அதே கூரைதான?”

“எல்லாருக்கும் என்னால பாக்க முடியல செல்வி. உன்னைய மட்டுமாவது பாத்துக்குறேன்.”

இப்படிச் சொன்னதற்கு அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னான். அவன் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் சரி என்றாள். மறுநாளே வெம்பக்கோட்டையில் சொல்லிவிட்டு வந்தாள். அந்த வாரமே வேல்விழி அங்கே உட்கார்ந்துவிட்டாள்.

ஆனைக்குட்டத்தில் முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு அவள் திரும்பிய சாயங்காலம், செழியன் பட்டறையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து டீ போட்டு வைத்திருந்தான். பல நாள் கழித்து அன்று மத்தியானம்தான் கண் அசந்து தூங்கியிருந்தான். அவள் வந்து, செருப்பைக் கழற்றி, குழாயடியில் வெகுநேரம் கை கழுவினாள்.

“புது எடம் எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

“கூரை மாத்திட்டாக.”

அவனுக்கு விளங்கவில்லை. “எந்தக் கூரை?”

“ரிப்பேருன்னாகல்ல, அதுதான். உங்க டிரஸேதான். டபிள்யூ போட்டு, அடிக்கம்பிய ரெட்டையாச் சேத்து. உங்களதவிடக் கொஞ்சம் கனமாவே இருக்கு. யாரோ போனுல படம் எடுத்து வச்சிருந்தாகளாம், அதப் பாத்துச் செஞ்சிருக்காக. சித்தப்பா கூட்டிட்டுப் போயி பெருமையாக் காட்டுனாரு. ஒன் வீட்டுக்காரர் கூரை மாதிரியே போட்டாச்சு, இனி பயமில்லாம உக்காரும்மான்னாரு.”

செழியன் டீத் தம்ளரைக் கீழே வைத்தான். “நாளைக்கு நீ போக வேண்டாம்,” என்றான்.

“வேற எங்கன போக?”

“வேற கம்பெனிக்கு.”

“எந்தக் கம்பெனியில உங்க கூரை இல்ல? நீங்களே சொல்லுங்க, அங்கன போறேன்.”

அவள் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள், பதிலுக்குக் காத்தும் நின்றாள். அவன் ஒவ்வொரு ஊராக நினைத்துப் பார்த்தான். வந்து படம் எடுத்துப் போனவர்கள் எத்தனை பேர், எந்தெந்தப் பட்டறை, எந்தெந்தக் கம்பெனி, அவனுக்கு ஞாபகம் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி முன்னால் அழுவதில் அவனுக்கு எந்த மானக்கேடும் தோன்றவில்லை, ஆனால் அழுதால் அவள்தான் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டான்.

கடைசியில், “பழைய எடத்துக்கே போயிரு,” என்றான். “ரெண்டும் ஒண்ணுதான்னா தெரிஞ்ச எடத்துலயாவது இரு.”

“அங்கன எப்படிப் போக? வேல்விழி உக்காந்துட்டா. அவளை எந்திரிக்கச் சொல்லவா?”

“அப்ப ஆனைக்குட்டத்துலயே கதவோரமா உக்காரு. என்ன ஆனாலும் மொதல்ல வெளிய வந்துரலாம்.”

பாண்டிச்செல்வி முந்தானையால் கையைத் துடைத்தாள். நகக்கண்ணில் வெள்ளி அப்படியே இருந்தது.

“கதவோரம் ரொம்ப நாளு இருக்கவுகளுக்குத்தான் குடுப்பாக,” என்றாள். “வெம்பக்கோட்டையில நான் கதவோரம்தான் உக்காந்திருந்தேன், வந்து சேந்து எம்புட்டு வருசம் கழிச்சுக் கிடைச்சுச்சு. இங்கன நான் இன்னைக்கு வந்தவ. நடுவுல போட்டிருக்காக.”

சொல்லிவிட்டு, நாளைக்கு விடியுமுன்னே வேன் வரும் என்று அரிசியை எடுத்து ஊறப்போடப் போனாள்.